இமையில் ஒரு வாற்கோதுமை மணி

கடந்த மாதம் ஒரு காலைப்பொழுதில் முகம் கழுவும்போது இடக்கண்ணின் மேலிமையில் ஏதோ உறுத்துவதை உணர்ந்தேன். கண்ணாடியில் பார்த்தால் இமையோரத்தில் சிவந்த சிறு வீக்கம். மறுநாள் அது நெல்மணி அளவுக்குப் பருத்துவிட்டது, தொட்டால் வலித்தது. கண்கட்டி! ஐம்பதைக் கடந்த பின்னர் இது வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அது சிறுபிள்ளைகளுக்கு வருவது என்ற எண்ணம் எங்கள் வீட்டில் ஊறிப்போயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் என் சிறுவயதில் முதன்முதல் கண்கட்டி வந்தபோது, அம்மம்மா செய்த முதல் காரியம் என்னைக் குற்றவாளியாக்கியதுதான். "ஆற்றையோ வாயைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்" என்றார். யாரோ ஒருவர் சாப்பிடுவதை நான் ஏக்கத்தோடு பார்த்ததற்குக் கிடைத்த தண்டனையாம். தீர்ப்பை வழங்கிய பின்னர் சிகிச்சை தொடங்கியது. வலக்கையின் சுட்டுவிரலை இடது உள்ளங்கையில் சூடேறும்வரை தேய்த்து, அந்தச் சூட்டோடு என் இமைமேல் வைத்தார். இதையே பலமுறை செய்தார். "கண்ணைக் கசக்காதை, தானா உடையும்" என்பது அவருடைய கடைசிக் கட்டளை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அது உடைந்தது.

இம்முறை கொழும்பில் நான் சென்று பார்த்த கண் வைத்திய நிபுணர் கருவிகளால் பரிசோதித்துவிட்டுச் சொன்னதன் சாரம் இது: சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் பிடியுங்கள், நாளுக்கு நான்கு தடவை. அமுக்காதீர்கள், கசக்காதீர்கள், தானாகவே உடையும். அம்மம்மாவுக்கு நான் கட்டணம் செலுத்தியதில்லை என்பது மாத்திரமே வேறுபாடு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால், எழுந்து புறப்படும் வேளையில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இதே இடத்தில் முன்பும் கட்டி வந்திருக்கிறதா?" இல்லை என்றேன். அந்தக் கேள்வியை நான் முன்னரும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து, ஒத்தடத்துணியைக் கண்ணில் வைத்தபடி மற்றக் கண்ணால் வாசிக்கத் தொடங்கினேன். இவ்வளவு சிறிய ஒரு கட்டிக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்குமென்று நினைத்திருக்கவில்லை.

கிரேக்கர் இதற்கு இட்ட பெயர் 'கிறிதே'. வாற்கோதுமை என்பது அதன் பொருள். காய்ச்சல்காரருக்கு அவித்துக் கொடுக்கிறோமே பார்லி, அதுதான். உரோமரும் தங்கள் இலத்தீன் மொழியில் அதையே பெயர்த்து 'ஹோர்டியோலம்', அதாவது சின்ன வாற்கோதுமை மணி என்றார்கள். இன்றும் வைத்தியர்கள் சிட்டையில் எழுதும் பெயர் அதுவே. ஜேர்மானியரும் தங்கள் மொழியில் இதை வாற்கோதுமை மணி என்றே அழைக்கிறார்கள். இமையில் தோன்றும் இன்னொரு கட்டியும் உண்டு. அது வலிக்காது, சிவக்காது. தோலுக்கடியில் உருண்டையாக, கெட்டியாக, வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அதற்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'கலாசியன்', பொருள் ஆலங்கட்டி. ஒன்று வயலிலிருந்தும் மற்றது வானத்திலிருந்தும் எடுத்த பெயர்கள். இவ்விரண்டையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்தறிந்த கண்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கின்றன என்பதுதான் இதில் வியப்பு.

கிறிஸ்துவுக்குப் பிந்திய முதலாம் நூற்றாண்டில் உரோமில் செல்சஸ் என்றொருவர் வாழ்ந்தார். அவர் தொழில்முறை வைத்தியரா அல்லது பல துறைகளையும் தொகுத்தெழுதிய அறிஞரா என்பதில் இன்றும் வாதம் உண்டு. (பிறர் அறிந்ததைக் கேட்டுத் தெளிவாக எழுதுபவர் என்ற வகையில் அவரை எங்கள் தொழிலின் முன்னோர்களில் ஒருவராகக் கொள்ள எனக்கு ஆசை.) எட்டுப் பாகங்கள் கொண்ட அவருடைய மருத்துவ நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1478 இல் புளோரன்ஸ் நகரில் அச்சேறியது. அதன் ஏழாம் பாகத்தில் இமைக்கட்டி பற்றிய பகுதி வருகிறது. வாற்கோதுமைக் கட்டிக்குச் சுடவைத்த ரொட்டியையோ மெழுகையோ ஒத்தடமாக வைக்க வேண்டும் என்கிறார். ஆனால், நோயாளி தாங்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கக்கூடாது என்றும் எச்சரிக்கிறார். பெரும்பாலும் அது கரைந்துவிடும். சீழ் தென்பட்டால் கத்தியால் கீறிப் பிதுக்கி, பின்னரும் ஒத்தடம் தொடர வேண்டும்.

ஆலங்கட்டிக்கு அவர் சொல்லும் முறை இன்னும் நுட்பமானது. விரலால் தள்ளினால் அது நகரும் என்கிறார். அது தோலுக்குக் கீழே இருந்தால் இமையின் வெளிப்புறத்தால் வெட்ட வேண்டும். இமைக்குள் இருக்கும் கடினமான தகட்டுக்கு அடியில் இருந்தால் இமையை மடித்து உட்புறத்தால் வெட்ட வேண்டும். இன்றைய சத்திரசிகிச்சைக்கூடத்தில் கண் வைத்தியர் பெரும்பாலும் இமையை மடித்து உட்புறத்தால்தான் வெட்டுகிறார். வெளியே தழும்பு தெரிவதில்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசியும் நல்ல வெளிச்சமும் இப்போது சேர்ந்திருக்கின்றன. வெட்டும் திசை மாறவில்லை.

இந்தியாவின் சுசுருத சங்கிதை கண் நோய்களை 76 ஆக எண்ணுகிறது. அவற்றில் 21 இமைக்கு மட்டுமே உரியவை. அவற்றுள் 'அஞ்சனநாமிகை' என்பது எரிவும் குத்தலும் கொண்ட, சிவந்த, மென்மையான சிறு கட்டி. அதாவது, நமது கண்கட்டி. 'லகணம்' என்பது வலியற்ற, கெட்டியான, பழுக்காத கட்டி, இலந்தைப்பழ அளவினது. கிரேக்கனுக்கு ஆலங்கட்டியாகத் தெரிந்தது இங்கே இலந்தையாகத் தெரிந்திருக்கிறது. சிகிச்சையின் ஒழுங்கும் ஏறத்தாழ ஒன்றே: முதலில் ஒத்தடம், உடைந்தால் அழுத்தி வெளியேற்றல், உடையாவிட்டால் கீறல், அதன்பின் தேன் முதலியவற்றோடு குழைத்த மருந்துப்பொடியைத் தேய்த்தல். லகணம் பெரிதாக இருந்தால் காரத்தாலோ நெருப்பாலோ சுடவும் சொல்கிறது நூல். யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று சண்டைபிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே கட்டியை இரு தேசத்தவர் பொறுமையாக உற்றுப் பார்த்தால் ஒரே இடத்துக்கு வந்துசேர்வது அதிசயமல்ல.

எல்லோரும் அப்படிப் பார்த்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. கி.பி. 400 அளவில், இன்றைய பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்தவரென அறியப்படும் மார்செலஸ் என்பவர் எழுதிய மருந்து நூலில் கண்கட்டிக்கு மந்திரம் இருக்கிறது. ஒன்பது வாற்கோதுமை மணிகளை எடுத்து, ஒவ்வொன்றின் கூரிய முனையாலும் கட்டியைக் குத்தி, வாற்கோதுமை உன்னைத் துரத்துகிறது, ஓடிப்போ என்று கட்டிக்கு ஆணையிட வேண்டுமாம். பெயர் வாற்கோதுமை என்பதால் அதனைக் கொண்டே அதனை விரட்டும் தந்திரம். பொன் மோதிரத்தைக் கட்டியில் உரசும் வழக்கம் ஐரோப்பிய நாட்டார் மரபில் அண்மைக்காலம்வரை இருந்தது. அம்மம்மாவின் சுட்டுவிரலும் அதற்கு உறவுமுறைதான். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. விரலில் சூடு இருந்தது.

இவ்வகை மந்திரங்கள் நூற்றாண்டுக்கணக்கில் பிழைத்திருந்ததன் இரகசியம் எளியது. கண்கட்டி எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரமளவில் உடைந்து ஆறிவிடும். ஆகவே, நாலாம் நாள் மந்திரம் சொன்னவருக்கு ஐந்தாம் நாள் பெயர் கிடைக்கும். இன்று தொலைக்காட்சியில் விளம்பரமாகும் சில மருந்துகளின் வெற்றியும் இந்த வகையைச் சேர்ந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்படி எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம் என நினைத்திருந்த வேளையில்தான், வாசிப்பு என்னை ஓர் ஆங்கிலச் சுவடியிடம் கொண்டு சேர்த்தது.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மருத்துவச் சுவடி இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பால்ட் என்பவருக்கு இந்நூல் உரியது, அவர் கேட்டதற்கிணங்க சில்ட் என்பவர் எழுதினார் என்னும் பொருள்படும் குறிப்பு அதில் காணப்படுவதால் 'பால்டின் மருத்துவ நூல்' என்று வழங்குகிறது. பால்ட் யார், சில்ட் யார் என்பதெல்லாம் இருளில் இருக்கிறது. ஆல்பிரட் மன்னனுக்கு எருசலேமின் திருச்சபைத் தலைவர் எலியாஸ் அனுப்பிவைத்த மருந்துகள் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. மிளகு அந்நூலில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆங்கிலேயர் நம் பக்கம் தலைகாட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, தென்னிந்தியக் கரையின் மிளகு அவர்களுடைய மருந்துரலில் இடிபட்டுக்கொண்டிருந்தது என்பதை இடையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்நூலில் கண்ணிமைக் கட்டிக்கு ஒரு தைலம் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளியும் (வெள்ளைப்பூண்டு), வெங்காயம் அல்லது லீக்ஸ் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றும் சம அளவு எடுத்து நன்றாக இடிக்க வேண்டும். திராட்சை மதுவும் எருதின் பித்தநீரும் சம அளவு சேர்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவுகள் வைத்திருந்து, துணியால் பிழிந்து வடித்து, கொம்பில் அடைத்து, இரவில் இறகால் தொட்டு இமையில் பூச வேண்டும். சிறந்த மருந்து என்று முத்தாய்ப்பும் உண்டு. ஒன்பது மணி, ஒன்பது இரவு. மார்செலசின் மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று யாரும் கேட்கலாம்.

நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அதே கேள்வியை வேறுவிதமாகக் கேட்டார்கள். பழைய ஆங்கில மொழியும் வரலாறும் கற்பிக்கும் கிறிஸ்டினா லீயும், நுண்ணுயிரியல் ஆய்வாளர் பிரேயா ஹாரிசனும் சேர்ந்து இந்தத் தைலத்தைச் சொன்னபடியே செய்து பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். மூலச்சொல்லின் பொருள் வெங்காயமா லீக்ஸா என்பது உறுதியில்லாதபடியால் இரண்டு விதமாகவும் செய்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பதிலாகக் கண்ணாடிப் போத்தலில் பித்தளைத் துண்டுகளை இட்டார்கள். ஒன்பது நாள் காத்திருந்தார்கள். பின்னர் அதை, பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் மசியாத, வைத்தியசாலைகளை அச்சுறுத்தும் ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியாக்கள்மேல் விட்டார்கள்.

2015 மார்ச் இறுதியில் வெளியான முடிவு உலகெங்கும் செய்தியாயிற்று. ஆய்வுகூடத்தில் வளர்த்த பற்றீரியாக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எலிகளின் காயத்திலிருந்து எடுத்த தசையில் சோதித்தபோது சுமார் 90 சதவீதமான பற்றீரியாக்கள் மாண்டன. சரக்குகளைத் தனித்தனியே இட்டுப் பார்த்தபோது இந்த வலிமை கிடைக்கவில்லை. எல்லாம் சேர்ந்து, ஊறிய பின்னரே அது கிடைத்தது. 2020 இல் ஹாரிசன் வார்விக் பல்கலைக்கழகத்தில் தன் குழுவினரோடு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பசைபோல் படிந்து மருந்தைத் தடுக்கும் வேறு பல பற்றீரியாப் படலங்களையும் இத்தைலம் தாக்குகிறது எனக் காட்டியது. அங்கும் உள்ளி மட்டும் போதவில்லை. முழுக் கலவையும் தேவைப்பட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் சமையலறைக்குச் சென்று உள்ளியை இடித்துக் கண்ணில் இட வேண்டாம் என மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளிச்சாறு கண்ணை எரித்துப் புண்ணாக்கும். அந்த ஆய்வாளர்களும் அதை யாருடைய கண்ணிலும் பூசி வெற்றி கொண்டாடவில்லை. அவர்கள் செய்தது வேறு. பழைய நூல் ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடாமலும், குப்பையில் எறியாமலும், சொன்னதை அளந்து செய்து, விளைவை எண்ணிப் பார்த்தார்கள். நம்மிடமும் சித்தர் பெயரால் வழங்கும் நயனவிதி நூல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெருமை பேசுவோருக்கும் குறைவில்லை, சிரிப்போருக்கும் குறைவில்லை. ஒன்பது நாள் காத்திருந்து எண்ணிப் பார்ப்பவர்கள்தான் போதாது.

ஏன் கட்டி வருகிறது என்ற கேள்விக்கு ஒத்தடமும் மந்திரமும் விடை தரவில்லை. 1666 இல் ஜேர்மனியின் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ரிக் மெய்போம், தன் நண்பரான லாங்கலொட் என்ற வைத்தியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இமைக்குள் வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகளை அதில் விபரித்திருந்தார். அவருக்கு முன்னரும் சிலர் அவற்றைக் கண்டிருக்கிறார்கள் என்றாலும், பெயர் மெய்போமுக்கே நிலைத்தது. மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இச்சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் எண்ணெய் நம் கண்ணீரின்மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, அது காற்றில் உலர்ந்துவிடாமல் காக்கிறது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் சிறிது எண்ணெய் வெளிவருகிறது. நாள் முழுக்கக் கணினித் திரையை வெறித்துக்கொண்டு இமைக்க மறக்கும் எங்களைப் போன்றோருக்கு இதுவும் ஒரு செய்தி.

அந்த எண்ணெய் தடித்து வாய் அடைபட்டால், வெளியேற முடியாமல் திசுக்களுக்குள் கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சுற்றிவளைக்கிறது. அதுதான் ஆலங்கட்டி. அதில் கிருமி இருக்க வேண்டிய அவசியமில்லை. கண்கட்டியோ கிருமியின் வேலை. இமைமயிரின் அடியில் இருக்கும் சிறு சுரப்பிகளுள் ஒருவகையை 1835 இல் சைஸ் என்ற ஜேர்மானியரும், மற்றொரு வகையைப் பின்னர் மோல் என்ற ஒல்லாந்தரும் விபரித்தார்கள். அங்கோ மெய்போம் சுரப்பியிலோ பற்றீரியா புகுந்தால் சீழ் கட்டுகிறது. செல்சஸ் சூடான ரொட்டியை வைத்ததும் அம்மம்மா விரலைத் தேய்த்ததும் ஏன் பலித்தன என்பது இப்போது புரிகிறது. சூட்டில் எண்ணெய் இளகுகிறது, அடைப்புத் திறக்கிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது. விரலின் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு கேள்வி.

எந்தக் கிருமி என்பதை அறிய மேலும் இரு நூற்றாண்டுகள் சென்றன. ஸ்கொட்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1880 இல் ஒரு நோயாளியின் சீழை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் குலைபோல் கூடிநின்ற உருண்டைகளைக் கண்டார். அவர் 1882 இல் அதற்கு இட்ட பெயரே ஸ்டெபிலோகொக்கஸ். கிரேக்கத்தில் திராட்சைக் குலை. மறுபடியும் ஒரு தோட்டத்துப் பெயர்.

அதே கிருமியை வளர்த்துக்கொண்டிருந்தபோதுதான் 1928 இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ளது. பலர் அறியாத செய்தி, பெனிசிலினால் கிடைத்த முதல் பதிவான குணமும் கண்ணிலேயே நிகழ்ந்தது என்பது. 1930 நவம்பரில் ஷெபீல்ட் நகரில், பிளெமிங்கின் மாணவராக இருந்த பெயின் என்ற வைத்தியர், பூஞ்சணத்திலிருந்து வடித்த சாற்றைக் கொண்டு பச்சிளங் குழந்தைகளின் கண் அழற்சியைக் குணப்படுத்தினார். ஆனால், அதை அவர் எங்கும் எழுதி வெளியிடவில்லை. எழுதாமல் விட்ட ஒரு நல்ல செய்தியின் கதை என்பதால் அது என்னைக் கொஞ்சம் வருத்துகிறது.

இந்த ஐரோப்பிய அறிவு தமிழில் நம் மண்ணுக்கு வந்த வழியையும் குறிப்பிட வேண்டும். 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் தமிழ்மொழியிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழுக்கு வந்தன. சத்திரசிகிச்சை நூலுக்கு 'இரணவைத்தியம்' என்று பெயர். மனித உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் தசைக்கும் தமிழில் பெயர் தேட வேண்டியிருந்த காலம் அது. 1873 இல் அவர் தாயகம் திரும்பினார். இன்று கண் வைத்தியர் எனக்கு எழுதித்தந்த சிட்டையில் ஒரு தமிழ்ச்சொல்கூட இருக்கவில்லை. இதற்கு அவரைக் குறைகூறிப் பயனில்லை.

இன்றைய சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்கட்டிக்கு ஒத்தடமே முதல் மருந்து. வீக்கம் இமை முழுவதும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை குறைந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி தேவையா என்பதை அங்கே முடிவுசெய்வார்கள். ஆலங்கட்டி பல வாரங்கள் கழிந்தும் கரையாவிட்டால் வெட்டி எடுப்பார்கள், அல்லது ஸ்டீரொயிட் மருந்தை ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். நம்மைப் போன்ற கருந்தோல் உடையவர்களுக்கு ஊசியிட்ட இடம் வெளுத்துவிடக்கூடும் என்பதால் அதில் நிதானம் தேவை. வெட்டும்போது இமையைப் பற்றிப்பிடிக்கும் வளையக் கவ்வி ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கண் வைத்தியர் டெமாரின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. இரத்தப்பெருக்கைத் தடுத்து, கட்டியைக் கண்முன் நிறுத்தும் எளிய கருவி.

இனி, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் பணியாற்றிய பத்திரிகையில் ஒப்புநோக்குநராக ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நாங்கள் 'மாஸ்டர்' என்று அழைப்போம். ஒற்றெழுத்து ஒன்று தவறினாலும் அவருடைய கண்ணுக்குத் தப்பாது. இளநிலைச் செய்தியாளனாக நான் எழுதியவற்றில் அவர் இட்ட சிவப்பு மைக் கோடுகளால்தான் எனக்குச் சந்தி இலக்கணம் வந்தது. ஒருநாள் அவருடைய வலக்கண்ணின் மேலிமையில் சிறு உருண்டையைக் கண்டேன். வலியில்லை என்றார். "கண்கட்டிதானே மாஸ்டர், சுடு ஒத்தடம் பிடியுங்கோ, தானா உடையும்" என்றேன். அம்மம்மாவின் வைத்தியத்தை அவ்வளவு உறுதியோடு சொன்னேன்.

அவர் ஒத்தடம் பிடித்தார். கரையவில்லை. ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் வெட்டி எடுத்தார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. மீண்டும் வெட்டினார்கள். இரு தடவையும் எடுத்த சதைத்துணுக்கு குப்பைத்தொட்டிக்குப் போனது. மூன்றாம் தடவை வந்தபோது அந்த இடத்தில் இமைமயிர்கள் உதிர்ந்திருந்தன. இமையின் ஓரம் மஞ்சள்பூத்துத் தடித்திருந்தது. பூசுமருந்து கொடுத்தார்கள். இறுதியில் வேறொரு வைத்தியசாலையில் ஒரு கண் நிபுணரிடம் நானே அவரை அழைத்துச் சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதே இடத்தில் முன்பும் கட்டி வந்திருக்கிறதா?" என்பதுதான். ஆம் என்றதும் அவருடைய முகம் மாறியதை நான் கவனித்தேன். ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

அது ஆலங்கட்டியல்ல. அதே மெய்போம் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய். எண்ணெய்ச் சுரப்பிப் புற்று என்று சொல்லலாம். ஆலங்கட்டியின் வேடத்தில் வருவதே அதன் தந்திரம். வயதானவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. சுரப்பிகள் அதிகம் உள்ள மேலிமையில் அதிகமாக வருகிறது. வெள்ளையரிடம் அரிதாகக் காணப்படும் இது, ஆசிய நாடுகளில் இமைப் புற்றுநோய்களில் கணிசமான பங்கை வகிக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, இமைமயிர் உதிர்தல், ஒரு கண்ணில் மட்டும் ஆறாமல் நீடிக்கும் இமை அழற்சி ஆகியவை அதன் அடையாளங்கள். கவனியாமல் விட்டால் காதின் முன்புறமும் கழுத்திலுமுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். ஆரம்பத்திலேயே கண்டால் முழுமையாக வெட்டி அகற்றி, இமையைச் சீரமைக்க முடியும். இவை எல்லாம் அப்போதும் மருத்துவ நூல்களில் இருந்தவைதான். அந்த முதல் துணுக்கைக் குப்பையில் இடாமல் ஒரு சிறு போத்தலில் இட்டு அனுப்பியிருந்தால் போதும்.

மாஸ்டரின் இமையை அகற்றினார்கள். பின்னர் கண்ணையும் அகற்ற வேண்டியதாயிற்று. கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சில மாதங்கள் வேலைக்கு வந்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தும் பிழை பிடித்தார். ஒருநாள் என் கட்டுரையொன்றின் படியைத் திருப்பித் தந்தபோது, "இதிலை இரண்டு ஒற்று விட்டிட்டீர் தம்பி, ஒரு கண்ணுக்கே தெரியுது" என்றார். நான் சிரிக்க முயன்றேன். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

என் கண்கட்டி ஆறாம் நாள் உடைந்தது. இரு வாரங்கள் கழித்து அதே நிபுணரிடம் மீண்டும் சென்றேன். தேவையில்லையே, ஆறிவிட்டதே என்றார். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் இமையை மடித்து, நன்றாகப் பார்த்தார்.